எந்த சாஸ்தா?

சாதியை யாரும் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஜூன் மாதம் தென்காசியிலும் மேலகரத்திலும் குற்றாலம் போகிற சாலையிலும் நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் ஒருவர்கூட வாயைத் திறந்து அதைக் கேட்கவில்லை. எல்லாரும் படித்தவர்கள். எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள், சிலர் மோர்கூடக் கொடுத்தார்கள். பிறகு, "பங்குனி உத்திரத்துக்கு எந்தக் கோயிலுக்குப் போவிய?" என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. குளத்தங்கரையிலோ ஆற்றோரத்திலோ மலையடிவாரத்திலோ அவர் பாட்டுக்கு இருப்பார். வருடத்தில் ஒருநாள், பங்குனி உத்திரத்தன்று, சென்னையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் ஆட்கள் புறப்பட்டு அவரிடம் வந்துவிடுவார்கள். அப்பாவின் சாஸ்தாதான் பிள்ளைகளுக்கும். கல்யாணமான பெண்ணுக்குக் கணவனுடைய சாஸ்தா. அதனால் சாஸ்தாவின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். விவரம் தெரிந்தவர்களுக்கு உங்கள் தெருவும் தாத்தாவின் தாத்தாவும் தெரிந்துவிடும். கேட்டவரும் பக்திமானாகவே இருந்துகொள்ளலாம்.

நான் அப்போது எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டுக்குள் நுழைய வேண்டும். சிற்றாற்றுத் தண்ணீரில் எங்கெங்கே என்னென்ன கலந்திருக்கிறது என்பது என் புராஜெக்ட். பகலில் தண்ணீர் எடுத்துவந்தால் சாயங்காலம் லேபில் இருந்து பார்த்தாக வேண்டும். கீழப்பாவூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊருக்கு ஆறு மணிக்கு மேல் பஸ் கிடையாது. விடுதியில் இளங்கலைப் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை. சாயங்காலம் லேபில் இல்லாதவர்களுக்கு இந்தப் புராஜெக்ட் இல்லை என்று பேராசிரியை சொல்லிவிட்டார். என் அப்பா சிவனணைந்தபெருமாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் மினி லாரி வைத்திருக்கிறார். அவர் பேச்சு எப்போதும் சுருக்கம்.

"ஒழுங்கான வீடு கிடைச்சா தங்கிப் படி. இல்லன்னா படிச்ச வரைக்கும் போதும்."

ஆகவே ஒரு வீடு வேண்டும். கல்லூரி திறப்பதற்குள் வேண்டும். இல்லையென்றால் படிப்பு அத்தோடு சரி.

என்னோடு தேடியவள் முத்துச்செல்வி. சுரண்டைக்காரி. என் வகுப்புதான், பக்கத்து இருக்கை. அவளுடைய மாமா போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். அதை அவள் சொல்ல மாட்டாள். தரகர் வேல்ராஜ் சொல்லுவார், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. வேல்ராஜ் அண்ணாச்சிக்கு ரீசார்ஜ் கடை. வீடு பார்த்துக் கொடுப்பது கூடுதல் வேலை. அவர் மொபெட்டில் முன்னால் போவார். நாங்கள் முத்துச்செல்வியின் ஸ்கூட்டியில், சாரலில் நனைந்துகொண்டு, பின்னால்.

குற்றாலத்துக்குள் கேட்கவே முடியவில்லை. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் அங்கே கார் ஷெட்கூட நாள் வாடகைக்குப் போய்விடும். "செப்டம்பர் மாசம் வாம்மா, ராஜாத்தி மாதிரி வச்சுக்கிடுதேன்" என்றார் ஐந்தருவி சாலையில் ஒருவர். கல்லூரியைச் செப்டம்பரில் திறக்கச் சொல்லலாமா என்று முத்துச்செல்வி கேட்டாள். அவர் அதை யோசித்துப் பார்ப்பவர் போலத்தான் தெரிந்தார்.

மேலகரத்தில் முதல் வீட்டில் ஒரு அம்மாள். மாடியில் ஒரு அறை, சமையல்கட்டு, தனிப் படிக்கட்டு. ஜன்னலைத் திறந்தால் மலை. எனக்கு அந்த ஜன்னலை விட்டு வர மனமில்லை. நூலகத்திலிருந்து நான் எடுத்துவந்து படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படித்தான் யாராவது ஒரு மாணவன் மச்சு அறைக்கு வாடகைக்கு வருவான். வீட்டுக்காரி கஞ்சப்பிசினாறியாக இருப்பாள், விளக்கைத் தூக்கிப் பிடித்து முகத்தைப் பார்ப்பாள், ராத்திரி கரி அதிகம் எரிக்காதே என்பாள். ஆனால் அங்கே யாரும் சாஸ்தாவைக் கேட்பதில்லை.

"ஆலடியூத்து சாஸ்தா" என்றேன் நான்.

அம்மாள் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். "அது பெரிய கோயிலுல்லா. எல்லா ஆளுகளும் வருவாவ. நீங்க எங்கன பொங்கல் வைப்பிய? ஓடைக்கு மேக்கயா, கிழக்கயா?"

"கிழக்க."

"ஓ" என்றாள். மோர் டம்ளரைப் பார்த்தாள். "வீட்டுக்காரவ மதுரைல இருக்காவ. கேட்டுட்டு வேல்ராஜுட்ட சொல்லி விடுதேன், என்ன?"

மதுரையிலிருந்து பதில் வரவில்லை. வரவே வராது என்று எனக்கு டம்ளரைப் பார்த்தபோதே தெரியும். ஆலடியூத்து கோயிலில் சாஸ்தா ஒருவர்தான். கும்பிடுகிறவர்கள்தான் பலர். நடுவில் ஓடை. மேற்கே கல்மண்டபமும் மடைப்பள்ளியும் புளியமர நிழலும். கிழக்கே நாங்கள்.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர். அவர் முத்துச்செல்வியிடம் கேட்டு, அவள் சொன்ன பதிலில் திருப்தியாகி, அவளுடைய மாமாவின் ஸ்டேஷனையும் விசாரித்துவிட்டு, என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அவருக்கும் ஓடை தெரிந்திருந்தது.

"இந்தப் பிள்ளைக்கு மட்டும்னா தாரேன்" என்றார் வேல்ராஜிடம், நான் அங்கே இல்லாத மாதிரி. "ரெண்டு பேருன்னா தண்ணி காணாது."

முத்துச்செல்வி எழுந்துவிட்டாள். "எனக்கு மட்டும்னாலும் காணாது தாத்தா. நான் ரொம்ப நேரம் குளிப்பேன்."

தெருவுக்கு வந்ததும் வேல்ராஜ் அண்ணாச்சி எங்களுக்குப் புத்தி சொன்னார். "தங்கச்சி, வீடு தேடுதவ மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சா ஆகுமா? கேக்காவன்னா சும்மா ஒரு பழக்கத்துக்குக் கேக்காவ."

"எதுக்கு அண்ணாச்சி கேக்காவ?" என்றேன். "வாடகைய சாஸ்தாவா குடுக்கப் போறாரு?"

"ஏட்டி, அவருட்ட எதுக்குக் கத்துத" என்றாள் முத்துச்செல்வி.

"அவருட்டயும் கத்தாம, அவங்ககிட்டயும் கத்தாம, நான் யாருட்டதான் கத்த?"

வேல்ராஜ் சிரித்தார். அவருக்குக் கோபம் வருவதே இல்லை. அது எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது. எங்கள் வகுப்பு ஜன்னத்தும் வீடு தேடினாள். அவளிடம் சாஸ்தாவைக் கேட்க வழியில்லாததால் நேராகவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் தேடுவதை விட்டுவிட்டு, செங்கோட்டையிலிருந்து தினமும் வந்துபோகிற மாதிரி லேப் வேலை குறைந்த புராஜெக்டாக மாற்றிக்கொண்டாள். அந்தப் புராஜெக்ட் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

கல்லூரி திறக்கிற வாரம்தான் மேலகரத்திலேயே ஆவுடைநாயகம் வீட்டுக்குப் போனோம். அவர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு, மடியில் பேப்பர். பேசியது முழுக்க அவர் மனைவி இராமலட்சுமி. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மாடி சும்மா கிடக்கிறது. சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டால் குடித்துவிட்டு ஆடுவார்கள் என்று அதுவரை யாருக்கும் விட்டதில்லை. முத்துச்செல்வியை விசாரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒம் பேரென்ன?"

"உலகம்மாள்."

"நல்ல பேரு. நம்ம தென்காசிக் கோயில் அம்மை பேரு. அப்பா பேரு?"

"சிவனணைந்தபெருமாள்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேப்பரை இறக்கினார்.

"சாஸ்தா எது தாயி?"

"ஆலடியூத்து."

அவ்வளவுதான். இராமலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, கேட்டியளா? நம்ம சாஸ்தா. அப்ப நீ எங்களுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைல்லா! இவுக ஒனக்குப் பெரியப்பா முறை. என்னை ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிடாத. பெரியம்மைன்னு கூப்பிடு."

நான் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருந்தேன். மேற்கா, கிழக்கா. பதில் என் நாக்கிலேயே இருந்தது. அவள் கேட்கவில்லை. அப்பாவின் பெயரும் என் பெயரும் அவளுக்குப் போதுமாக இருந்தன. அப்படிப்பட்ட பெயர்களை ஓடைக்குக் கிழக்கே வைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. அவள் சாவியை எடுக்க உள்ளே போனபோது முத்துச்செல்வி என் தொடையில் கிள்ளினாள்.

"வாய மூடிட்டு இரு" என்றாள் உதடு அசையாமல்.

"நான் பொய் சொல்லலியே."

"அதான் சொல்லுதேன். சொல்லாத."

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வந்தார். பெரியம்மை அவரைக் கூடத்துக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து, டபராவில் காப்பி கொடுத்தாள். அப்பா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார். தெருமுனை வரை அவரோடு நடந்தேன்.

"சாஸ்தாவைக் கேட்டாவளோ?" என்றார்.

"ஆமா."

"நீ உள்ளதத்தான சொன்ன?"

"உள்ளதத்தான்."

"அப்ப சரி" என்றார். லாரியில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, சற்று நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தார். பிறகு எடுத்தார்.

அந்த வீட்டில் நாங்கள் நன்றாக இருந்தோம். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பெரியம்மை நல்லவளாக இருந்தாள். லேபிலிருந்து வர நேரமானால் கேட் பக்கம் நிற்பாள். என் தலையில் எண்ணெய் வைத்து, "நம்ம பிள்ளைக முடி இப்படித்தான், கருகருன்னு" என்பாள். முத்துச்செல்வி எனக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டுவாள். கார்த்திகைக்குக் கொழுக்கட்டை, மார்கழிக்குப் பொங்கல். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பேன். மலைமேல் மேகம் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கும். பக்கத்தில் ஒரு தட்டில் முறுக்கு. அந்த அன்பை வாங்கிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இது எனக்கு வருகிறதா, ஓடைக்கு மேற்கே பிறந்திருக்கக்கூடிய வேறு ஒரு உலகம்மாளுக்கு வருகிறதா? பிறகு முறுக்கைத் தின்றுவிடுவேன்.

பங்குனி உத்திரம் வந்தது. பெரியப்பாவுக்கு முட்டுவலி, அந்த வருடம் கோயிலுக்குப் போவதாக இல்லை. நான் ஊருக்குப் போய், அங்கிருந்து வீட்டாருடன் ஆலடியூத்துக்குப் போனேன். கிழக்குக் கரையில் எப்போதும்போல் மூன்று கல் வைத்து அம்மா பானை ஏற்றினாள். சித்தப்பாமார்கள் மாடசாமி பீடத்துக்குக் கிடாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெயில் கொளுத்தியது. நிழல் மேற்கே போய்விட்டதால் நாங்கள் லாரியின் தார்ப்பாயைக் கட்டியிருந்தோம்.

அப்போது செல்போன் அடித்தது. பெரியம்மை.

"ஏட்டி, பெரியப்பாவுக்கு மனசு கேக்கல, கார் பிடிச்சு வந்துட்டோம். எங்கன இருக்கிய? மண்டபத்துல ஒங்க ஆளுக ஒருத்தரையும் காணோம்?"

"நாங்க ஓடைக்குக் கிழக்க இருக்கோம் பெரியம்மை."

"குளிக்கப் போயிருக்கியளா? சரி சரி, நானே வாரேன். ஒனக்குப் புளியோதரை கொண்டாந்திருக்கேன்."

நான் மறுபடியும் உண்மையைத்தான் சொன்னேன். அவள் மறுபடியும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பட்டுச்சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தூக்குச்சட்டியோடு அவள் இறங்கி வருவதைப் பார்த்தேன். பாதி ஓடையில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தார்ப்பாயைப் பார்த்தாள், எங்களுக்குப் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவர்களில் சிலரை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வீட்டு வயலுக்கு வேலைக்கு வந்தவர்களாக இருக்கலாம்.

"இங்கனயா இருக்கிய?" என்றாள்.

"ஆமா பெரியம்மை. வாங்க."

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அவசரமாக வாழையிலையைக் கிழித்து, கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பொங்கலை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். "பிள்ளைய மக மாதிரி பாத்துக்கிடுதியளாம். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா."

"பெரியப்பா தேடுவாவ" என்றாள் இராமலட்சுமி என்னிடம். அம்மாவிடம் இல்லை.

திரும்பிப் போனாள். எனக்கென்று கொண்டுவந்த புளியோதரையையும் எடுத்துக்கொண்டு போனாள். அம்மா இலையை ஏந்தியபடியே தண்ணீரில் நின்றாள். அதை நான் மறக்க மாட்டேன். வேண்டுமென்றேதான் மறக்க மாட்டேன்.

மேலகரத்துக்குத் திரும்பியபோது கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பிறகு நான் இருக்கும்போது திறந்திருக்கவே இல்லை. மேல் தொட்டிக்கு மோட்டார் போடுவது நின்றுபோனது. கேட்டால் மோட்டார் ரிப்பேர். கீழே குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மாடியில் எங்களுக்குக் கேட்கும். கொடியில் காய்ந்த என் துணிகளைப் பெரியம்மை ஒரு கம்பால் ஓரமாகத் தள்ளிவைத்திருந்தாள். நாங்கள் தெருக்குழாயில் பிடித்து, மாடிக்குத் தூக்கினோம்.

ஒருநாள் நான் லேபிலிருந்து வந்தபோது முத்துச்செல்வி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விளக்கைக்கூடப் போடவில்லை.

"பெரியப்பா கூப்பிட்டுச் சொன்னாவ" என்றாள். "சீசனுக்கு மாடி வேணுமாம். வாடகைக்கு விடப்போறாவளாம். சித்திரை பிறக்கதுக்குள்ள காலி பண்ணச் சொல்லுதாவ."

"சீசன் ஜூன்லல்லா? எனக்குப் புராஜெக்ட் வைவா மே மாசம். சொன்னியா?"

"சொன்னேன்."

"அதுக்கு?"

அவள் விரலை நெட்டி முறித்தாள். "எனக்கு வேணும்னா கீழ ரூம் இருக்காம். நான் மட்டும் இருந்துக்கிடலாமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலன்னா?"

"மாட்டேன்னு சொல்லலட்டி" என்றாள். "எனக்கும் வைவா இருக்குல்லா. ரெண்டு பேரும் தெருவுல நின்னா யாருக்கு லாபம்? வேல்ராஜ் அண்ணாச்சிட்ட பேசிட்டேன். ஒனக்கு வேற வீடு பாத்துத் தாராராம். ஒங்க ஆளுக இருக்கிற பக்கமா. அங்கன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவன்னு சொன்னாரு."

ஒங்க ஆளுக. ஜூன் மாதத்தில் ஒரு பெரியவர் வீட்டிலிருந்து எனக்காக எழுந்து வந்தவள் இவள்தான். அதை நினைத்துத்தான் எனக்கு அழுகை வந்தது. அழாமல், "விளக்கைப் போடு" என்றேன்.

வேறு வீட்டுக்குப் போகலாம். போனால் அங்கிருந்து லேபுக்கு இரண்டு பஸ். சாயங்கால வேலை கெடும், அரைகுறையாக நிற்கிற தண்ணீர்ப் பரிசோதனையெல்லாம் பாழ். அப்பா கேட்டால் ஊருக்கே வந்துவிடு என்பார். ஆனால் உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு லேப்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. சீசன் என்று சொன்னார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. அருவி வறண்டு பாறை வெள்ளையாகத் தெரிகிற மாதத்தில், மூஞ்சியில் ஒரு சிரிப்பும் இல்லாமல், சீசன்.

மறுநாள் காலை கீழே இறங்கினேன். பெரியம்மை காம்பவுண்டு ஓரம் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு டீச்சர் பள்ளி வேனுக்காக வாசலில் நின்றார். பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மை."

அவள் திரும்பவில்லை.

"பெரியம்மை, ஒங்களத்தான்."

"அப்படிக் கூப்பிடாத" என்றாள் மெதுவாக.

"நீங்கதான கூப்பிடச் சொன்னிய. இப்ப ஏன் கூப்பிடக் கூடாது?"

பூக்கூடையில் எதையோ தேடினாள்.

"சீசனுக்கு மாடி வேணும்னு சொன்னியளாம். ஐந்தருவில ஆடு மேயுது பெரியம்மை. எந்த சீசனுக்கு?"

"எங்க வீடு. நாங்க எப்ப வேணும்னாலும் கேப்போம்."

"கேளுங்க. வேண்டாம்னு சொல்லல. காரணத்தைச் சொல்லிக் கேளுங்க. சொன்னியன்னா இன்னைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிருதேன். அப்பாவ லாரிய எடுத்துட்டு வரச் சொல்லுதேன்."

"நீ எங்ககிட்ட மறைச்சிட்ட" என்றாள். குரல் உடைந்தது. அவளுக்கும் உண்மையாகவே வலித்தது என்று நினைக்கிறேன். யாரோ அவளிடம் திருடிவிட்டது போல் இருந்தது அவள் முகம். ஆனால் அதற்காக நான் இரங்கத் தயாராக இல்லை.

"எதை மறைச்சேன்?"

வாயைத் திறந்தாள்.

"சொல்லுங்க. எங்க அப்பா பேரக் கேட்டிய, சொன்னேன். எம் பேரக் கேட்டிய, சொன்னேன். சாஸ்தாவக் கேட்டிய, அதையும் சொன்னேன். ஓடைக்கு எந்தப் பக்கம்னு கேட்டிருந்தா அதையும் சொல்லியிருப்பேன். போன்ல கேட்டப்பவும் சொன்னேன். எதை மறைச்சேன் பெரியம்மை?"

டீச்சர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். பால்காரர் பாலை ஊற்றாமல் நின்றார். அவர்களுக்கு எல்லாம் புரிந்திருந்தது. தெருவுக்கே புரிந்திருந்தது. ஒரு சொல்தான் பாக்கி. அது அவள் உதடு வரை வந்து நிற்பதை என்னால் பார்க்க முடிந்தது.

"இராமு, நீ உள்ள போ." ஆவுடைநாயகம் பேப்பரோடு வெளியே வந்திருந்தார். இத்தனை வருட அரசு உத்தியோகத்தில் எந்தச் சொல்லை வெளியில் சொல்லக் கூடாது என்பதை அவர் நன்றாகக் கற்றிருந்தார். சொன்னால் கேஸ் ஆகும். "காலங்காத்தால என்ன தாயி சத்தம்? நாங்க அப்படியெல்லாம் பாக்கிற ஆளுக இல்ல."

"எப்படியெல்லாம் பெரியப்பா?"

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். பால்காரரைப் பார்த்தார். பேப்பரை நான்காக மடித்தார்.

"மோட்டார் நெசமாவே ரிப்பேருதான்" என்றார்.

"நான் மோட்டாரக் கேக்கல."

"ஒனக்குப் பரீட்சை எப்ப?"

"மே கடைசில."

"சரி. அது வரைக்கும் இருந்துக்கோ. படிக்கிற பிள்ளை. எங்களுக்கும் மனசு கேக்கல." டீச்சருக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே சொன்னார். ஒரு நன்கொடையை அறிவிப்பது போல.

அந்த இடத்தில் நன்றி சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அவரும் அதற்காகத்தான் நின்றார்.

"மனசக் கேட்டு நீங்க ஒண்ணும் தர வேண்டாம் பெரியப்பா" என்றேன். "வாடகை குடுக்கேன், இருக்கேன். போறப்ப நானே சொல்லிட்டுப் போவேன். அதுக்கு முன்னால போகணும்னா ஏன்னு சொல்லணும். இங்கன நின்னு சொல்லணும்."

அவர் உள்ளே போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. பால்காரர் பாலை ஊற்றி, செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனார். வேன் வந்தது. டீச்சர் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டு மாடியும் காலிதான். அங்கேயும் வேல்ராஜ் எங்களைக் கூட்டிப் போயிருந்தார்.

மேலே போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு வந்தேன். எனக்கு முன்னால் நான்கைந்து குடங்கள். அவற்றின் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், பிறகு வேறு பேச்சை ஆரம்பித்தார்கள். நான் வரிசையில் நின்றேன்.

முத்துச்செல்வி இறங்கி வந்தாள். இரவு முழுக்கத் தூங்காத கண்கள். மாடிப்படியில் நின்று அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கீழ ரூம் வேண்டாம்னு இப்ப சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள்.

"ம்."

"நேத்தே சொல்லியிருக்கணும்."

"ஆமா" என்றேன். "நேத்தே சொல்லியிருக்கணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் முறை வந்தது. குடம் நிறைந்ததும் அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் மறுபக்கம் பிடித்தேன். சாத்தியிருந்த கதவுக்கு முன்னால், படிக்கட்டெல்லாம் தண்ணீர் சிந்த, மேலே ஏறினோம். லேபுக்கு நேரமாகிவிட்டது.